பெயர் ஒன்று, டேட்டாபேஸ் ஆளுக்கு ஒன்று: பொது ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் ஓடிபிசி அமைக்கும் வழி

மாலை நாலு மணிக்கு மேல்தான் தேயிலை வண்டிகள் வரத் தொடங்கும். மூட்டை எடைமேடையில் ஏறும். எழுத்தர் விவசாயியின் எண்ணைத் தட்டி எடையைப் பதிவார். சீட்டு அச்சாகி வரும். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் ஒரு நாள் அப்படி வந்த சீட்டைக் கையில் வாங்கிய விவசாயி, "இது என் பேரு இல்லைங்களே" என்றார். எண் அவருடையதுதான். பெயர் மஞ்சூரில் இருக்கும் வேறொருவருடையது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேருடைய எடை மஞ்சூர் கணக்கில் ஏறிவிட்டிருந்தது.

எழுத்தர் மேல் தப்பில்லை. அன்று மதியம் மஞ்சூரிலிருந்து வந்த ஒரு புகாரைச் சோதிப்பதற்காக, எல்லோரும் பயன்படுத்தும் சர்வரில் இருந்த ஓடிபிசி இணைப்பை (மென்பொருளை டேட்டாபேஸோடு சேர்த்துவைப்பது) மஞ்சூர் டேட்டாபேஸ் பக்கம் திருப்பிவிட்டு, பழையபடி மாற்றிவைக்க மறந்துபோனவன் நான்தான். இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து மாற்றிப் பதிந்தோம். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது அவர்கள் பிழையும் அல்ல. அடுத்த வாரம் உட்கார்ந்து கட்டிய அமைப்பைத்தான் இங்கே எழுதுகிறேன். ரிமோட் டெஸ்க்டாப் சர்வரைப் புதிதாகப் பொறுப்பில் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (யூசர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு), விண்டோஸ் சர்வர், பின்னால் ஒரு எஸ்க்யூஎல் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் ஏன் ஒரே சர்வரில்?

கணக்கு மென்பொருளை ஒவ்வொரு ஃபாக்டரியின் கணினியிலும் போட்டு, அங்கிருந்து நேராக டேட்டாபேஸோடு பேச வைக்கலாமே என்று புதியவர்கள் கேட்பார்கள். செய்து பார்த்தோம். ஓடிபிசி வழியாகப் பேசும் பழைய மென்பொருள் வாயாடி. ஒரு திரையைத் திறக்க நூறு தடவை போய்வரும். இணைப்பு மெதுவாக இருந்தால் அந்த ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கம்பிவழி வருவது திரைப் படமும் விசைத்தட்டலும் மட்டும்தான். மென்பொருளும் டேட்டாபேஸும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் சாலையோரம் போகும் கேபிளும் சேர்ந்து போகும். ரிமோட் டெஸ்க்டாப்பில் லைன் அறுந்தாலும் செஷன் சர்வரில் அப்படியே நிற்கும். லைன் திரும்பியதும் பாதியில் விட்ட பதிவிலிருந்து தொடரலாம். இந்த வசதியே பின்னால் ஒரு இடத்தில் காலை வாரிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வகை, நமக்கு வேண்டியது ஒன்று

ஓடிபிசி இணைப்பு விவரங்களின் தொகுப்புக்கு டிஎஸ்என் என்று பெயர். எந்த டிரைவர் (அந்த டேட்டாபேஸோடு பேசத் தெரிந்த சிறு நிரல்), எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்பதெல்லாம் அதில் இருக்கும். மென்பொருளுக்குத் தெரிந்தது அந்த டிஎஸ்என்னின் பெயர் மட்டும்தான். எங்கள் மென்பொருளில் அந்தப் பெயர் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை "இலைக்கணக்கு" என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கும் மஞ்சூருக்கும் கூடலூருக்கும் பெயர் அதே "இலைக்கணக்கு". ஆனால் டேட்டாபேஸ் ஃபாக்டரிக்கு ஒன்று. சிக்கல் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

சிஸ்டம் டிஎஸ்என் என்பது கணினிக்குச் சொந்தம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) ஹெச்கீ லோக்கல் மெஷின் கிளையில் உட்கார்ந்திருக்கும். அந்த சர்வரில் லாகின் ஆகும் எல்லோருக்கும் அது ஒன்றே. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். யூசர் டிஎஸ்என் ஆளுக்குச் சொந்தம். ஹெச்கீ கரண்ட் யூசர் → சாஃப்ட்வேர் → ஓடிபிசி → ஓடிபிசி டாட் ஐஎன்ஐ என்ற இடத்தில் இருக்கும். ஒரே சர்வரில் ஐம்பது பேர் லாகின் ஆகியிருந்தாலும் ஐம்பது பேருக்கும் இந்தக் கிளை தனித்தனி. ஃபைல் டிஎஸ்என் என்று மூன்றாவதும் உண்டு, கோப்பாகச் சேமிப்பது. நம் மென்பொருள் அதைக் கேட்காது, விட்டுவிடலாம்.

ஒரே பெயரில் யூசர், சிஸ்டம் இரண்டும் இருந்தால் ஓடிபிசியின் டிரைவர் மேனேஜர் யூசர் டிஎஸ்என்னைத்தான் முதலில் எடுக்கும். இது நல்லது என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கு யூசர் டிஎஸ்என் வந்து சேரவில்லை என்றால், சத்தமே இல்லாமல் சிஸ்டம் டிஎஸ்என்னுக்குப் போய்விடும். அதாவது பிழைச்செய்தி வர வேண்டிய இடத்தில் வேறு ஃபாக்டரியின் கணக்கு திறக்கும். அதனால் யூசர் டிஎஸ்என்னுக்கு மாறினால் அதே பெயரில் இருக்கும் சிஸ்டம் டிஎஸ்என்னை நீக்கிவிடுங்கள். "இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

நீக்கும்போது ஒரு கவனம். ஓடிபிசி நிர்வாகக் கருவி இரண்டு உண்டு, இரண்டுக்கும் கோப்பின் பெயர் ஒன்றே: ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கானது, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட்டுக்கானது. ஆமாம், பெயர் தலைகீழாகத்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்டைத்தான் கேட்க வேண்டும். சிஸ்டம் டிஎஸ்என் இரண்டுக்கும் தனித்தனிக் கிளை (32 பிட்டுடையது வாவ்6432நோட் என்பதன் கீழே). ஆகவே இரண்டு கருவியிலும் பார்த்து இரண்டு இடத்திலும் நீக்க வேண்டும். யூசர் டிஎஸ்என்னுக்கு இந்தப் பிரிவு கிடையாது. இரண்டு கருவியிலும் அதே பட்டியல்தான் தெரியும்.

பூட்டை முதலில் போடுங்கள்

பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். நான் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் டிஎஸ்என் வெறும் வழிகாட்டிப் பலகை. பலகையை யாராவது திருப்பி வைத்தாலும் வீட்டுக்குள் நுழைய முடியாதபடி பூட்டு வேறு இடத்தில் இருக்க வேண்டும். அன்று எங்களிடம் எல்லா ஃபாக்டரிக்கும் சேர்த்து ஒரே எஸ்க்யூஎல் லாகின், ஒரே பாஸ்வேர்டு. அதனால்தான் கோத்தகிரி எழுத்தரின் பதிவை மஞ்சூர் டேட்டாபேஸ் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

ஆக்டிவ் டைரக்டரியில் ஃபாக்டரிக்கு ஒரு செக்யூரிட்டி குரூப் தொடங்குங்கள்: இலை-கோத்தகிரி, இலை-மஞ்சூர், இலை-கூடலூர். எழுத்தர்களை அவரவர் குரூப்பில் சேருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் அந்தக் குரூப்புக்கு விண்டோஸ் லாகின் கொடுத்து, அதன் டேட்டாபேஸில் மட்டும் உரிமை கொடுங்கள். பழைய பொது லாகினை ஒரு மாதம் முடக்கி வைத்துப் பார்த்து, யாரும் கத்தவில்லை என்றால் நீக்கிவிடலாம்.

இதனால் இன்னொரு நன்மை: டிஎஸ்என்னுக்குள் பாஸ்வேர்டே வேண்டாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் ஆகியவற்றின் ஓடிபிசி டிரைவர்கள் டிஎஸ்என்னில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் அதை ரெஜிஸ்ட்ரியில் படிக்கும்படியே எழுதி வைக்கும். அவற்றைப் பயன்படுத்துபவர்கள் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு, மென்பொருளே கேட்கும்படி வைப்பது நல்லது. குரூப் பாலிசியில் (டொமைனில் ஓர் இடத்தில் எழுதிப் பல கணினிகளுக்கும் யூசர்களுக்கும் அனுப்பும் அமைப்புகள்) டேட்டா சோர்ஸ் அமைக்கும் பெட்டியிலும் முன்பெல்லாம் பாஸ்வேர்டு கொடுக்கலாம். அதைப் பூட்டிய சாவியை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்ததால், டொமைனில் லாகின் ஆகும் யாரும் திறந்து படிக்க முடிந்தது. 2014 மே மாதம் வந்த எம்எஸ்14-025 அப்டேட் அந்தப் பெட்டியை மூடிவிட்டது. பழைய டொமைனை ஏற்றுக்கொண்டவர்கள், அதற்கு முன் எழுதிய பாலிசிகள், அவை சேமிக்கப்படும் சிஸ்வால் ஃபோல்டரில் இன்னும் கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. அப்டேட் புதிதாக எழுதுவதைத் தடுத்ததே தவிர, பழையதை அழிக்கவில்லை.

டிரைவர்

சர்வரில் என்ன டிரைவர் இருக்கிறது என்று ஓடிபிசி நிர்வாகக் கருவியில் டிரைவர்ஸ் என்ற டேபைத் திறந்து பாருங்கள். விண்டோஸோடு வரும் "எஸ்க்யூஎல் சர்வர்" என்ற பழைய டிரைவரிலேயே பலர் காலம் தள்ளுவார்கள். புதிதாகப் போடுவதென்றால் மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி டிரைவர் 17 அல்லது 18. இதில் 18, இணைப்பை மறைகுறியாக்கித்தான் தீருவேன் என்று அடம்பிடிக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் நம்பகமான சான்றிதழ் இல்லை என்றால், சான்றிதழை நம்பவில்லை என்று சொல்லிக் கதவை மூடிவிடும். சான்றிதழ் போடுவதுதான் சரியான வழி. அதற்கு நேரம் இல்லாதவர்கள் இப்போதைக்கு 17 போடுங்கள். 64 பிட் தொகுப்பைப் போட்டால் 32 பிட் டிரைவரும் கூடவே வந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்கள் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.

பழைய ஆட்கள் ஒரு பழக்கம் வைத்திருப்பார்கள்: எதை நிறுவுவதற்கு முன்பும் "சேஞ்ச் யூசர் /இன்ஸ்டால்" கட்டளை கொடுப்பது. மென்பொருளுக்கு அது சரி. ஆனால் அந்த நிலையில் இருந்துகொண்டே யூசர் டிஎஸ்என் ஒன்றை உருவாக்கிவிடாதீர்கள். அந்த நிலையில் கரண்ட் யூசர் கிளையில் எழுதுவது டெர்மினல் சர்வர் → இன்ஸ்டால் என்ற நிழல் கிளையிலும் பதிவாகி, பிறகு லாகின் ஆகும் ஒவ்வொருவருக்கும் நகலாகப் போகும். எத்தனை தடவை அழித்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும் டிஎஸ்என்னைப் பார்த்தால் முதலில் அந்த இடத்தைத் தோண்டுங்கள்.

மாதிரி ஒன்று

இப்போது ஒரு சோதனை யூசராக லாகின் ஆகி, "இலைக்கணக்கு" என்ற பெயரில் ஒரு யூசர் டிஎஸ்என்னைக் கையால் உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக லாகின் ஆகி உருவாக்கினால் அது அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டும்தான் கிடைக்கும். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் "நான்தான் போட்டேனே, அவங்களுக்கு ஏன் தெரியல?" என்ற கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறேன், முதல் தடவை கேட்டது என்னையே.

அப்புறம் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு இடத்தில் எழுத்து இருக்கும். ஓடிபிசி டாட் ஐஎன்ஐ கீழே "இலைக்கணக்கு" என்ற பெயரில் ஒரு கீ. அதற்குள் டிரைவர், சர்வர், டேட்டாபேஸ், ட்ரஸ்டட் கனெக்ஷன் என்ற மதிப்புகள். டிரைவர் என்ற மதிப்பில் டிரைவரின் பெயர் இருக்காது, டிஎல்எல் கோப்பின் முழுப் பாதை இருக்கும். ட்ரஸ்டட் கனெக்ஷனில் "யெஸ்" என்று இருந்தால் விண்டோஸ் லாகினையே பயன்படுத்தும். இரண்டாவது இடம், "ஓடிபிசி டேட்டா சோர்சஸ்" என்ற கீ. அதில் "இலைக்கணக்கு" என்ற மதிப்புக்கு எதிரே டிரைவரின் பெயர் இருக்கும்.

இந்த இரண்டாவது வரியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் நிர்வாகக் கருவியின் பட்டியலில் டிஎஸ்என் தெரியாது. முதல் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டிஎல்எல் பாதை சிஸ்டம்32 என்று இருக்கிறதே, நம் மென்பொருள் 32 பிட் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம். 32 பிட் மென்பொருள் சிஸ்டம்32 என்று கேட்டால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 பக்கம் அனுப்பிவிடும். இரண்டு டிரைவரும் நிறுவியிருந்தால் அதே வரி இருவருக்கும் வேலை செய்யும்.

சர்வர் என்ற மதிப்பில் இயந்திரத்தின் சொந்தப் பெயரைவிட, டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப் பெயர் கொடுத்து அதை எழுதலாம். நாளை டேட்டாபேஸ் வேறு இயந்திரத்துக்குப் போனால் டிஎன்எஸ்ஸில் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) என்றால் டிசிபி 1433 மட்டும் ஃபயர்வாலில் திறந்திருந்தால் போதாது. பிரவுசர் சேவைக்கு யூடிபி 1434, அதோடு அந்த இன்ஸ்டன்ஸின் சொந்த போர்ட்டும் வேண்டும்.

குரூப் பாலிசியில் ஏற்றுவது

யூசர் ஒவ்வொருவராக லாகின் ஆகி உருவாக்குவது நடக்காத காரியம். லாகின் ஸ்கிரிப்டில் பவர்ஷெல்லின் ஆட்-ஓடிபிசிடிஎஸ்என் கட்டளையை வைத்தும் செய்யலாம். விண்டோஸ் சர்வர் 2012 முதல் அது கைவசம் இருக்கிறது. நான் குரூப் பாலிசி பிரிஃபரன்சஸைத்தான் விரும்புகிறேன். என்ன போய்ச் சேர்ந்தது என்று பிறகு அறிக்கை எடுக்க முடியும். வேலையில் எனக்குப் பின் வருபவரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார்.

ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்கள் மட்டும் இருக்கும் ஓயூ (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளையும் யூசர்களையும் பிரித்து வைக்கும் பகுதி) ஒன்று இருக்க வேண்டும். இல்லை என்றால் உருவாக்கி சர்வர்களை அதற்குள் நகர்த்துங்கள். புதிய குரூப் பாலிசி ஒன்று எழுதி அந்த ஓயூவில் இணையுங்கள். இங்கே ஒரு முடிச்சு. டிஎஸ்என் யூசருக்கான அமைப்பு. ஆனால் ஓயூவில் இருப்பதோ கணினிகள். யூசர் பகுதியில் எழுதியதைக் கணினி ஓயூ கண்டுகொள்ளாது. அதற்கு லூப்பேக் வேண்டும்: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → பாலிசீஸ் → அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ் → சிஸ்டம் → குரூப் பாலிசி என்ற இடத்தில் யூசர் குரூப் பாலிசி லூப்பேக் ப்ராசசிங் மோடை இயக்கி, "மெர்ஜ்" என்று வையுங்கள். "ரீப்ளேஸ்" வைத்தால் யூசரின் சொந்த ஓயூவிலிருந்து வரும் பாலிசிகள் எல்லாம் அந்த சர்வரில் காணாமல் போகும். பிரிண்டர் எங்கே, டிரைவ் எங்கே என்று ஃபோன் வரத் தொடங்கும்.

யூசர்கள் இருக்கும் ஓயூவிலேயே பாலிசியை இணைத்துவிட்டால் லூப்பேக் தேவையில்லையே? வேலை செய்யும். ஆனால் அந்த டிஎஸ்என் எழுத்தரின் மேசைக் கணினிக்கும் மேலாளரின் லேப்டாப்புக்கும் போய் உட்காரும். தேவையில்லாத இடத்தில் தேவையில்லாத பலகை எதற்கு?

பாலிசியின் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் என்பதை நீக்கும் பழக்கம் இருந்தால் கவனம். 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 அப்டேட்டுக்குப் பிறகு, யூசர் பாலிசியையும் கணினியின் கணக்கு வழியாகத்தான் விண்டோஸ் படிக்கிறது. கணினிக்குப் படிக்கும் உரிமை இல்லை என்றால் பாலிசி ஒன்றும் சொல்லாமல் விழுந்துவிடும். டெலிகேஷன் டேபில் டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு ரீட் உரிமை கொடுத்துவிடுங்கள்.

இனி டிஎஸ்என். யூசர் கான்ஃபிகரேஷன் → பிரிஃபரன்சஸ் → கண்ட்ரோல் பேனல் செட்டிங்ஸ் → டேட்டா சோர்சஸ் என்று இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. யூசர் டேட்டா சோர்ஸ் என்பதைத் தேர்ந்து, பெயர், டிரைவர் கொடுத்து, அட்ரிப்யூட்ஸ் பட்டியலில் சர்வர், டேட்டாபேஸ், ட்ரஸ்டட் கனெக்ஷன் மூன்றையும் சேர்க்கலாம். ஒரு ஃபாக்டரி மட்டும் என்றால் இதுவே போதும். நான் அங்கே போவதில்லை. அதே யூசர் கான்ஃபிகரேஷன் → பிரிஃபரன்சஸ் கீழே விண்டோஸ் செட்டிங்ஸ் → ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில், மாதிரியில் பார்த்த அதே வரிகளை எழுதுகிறேன். என்ன எழுதுகிறோமோ அதுதான் போய்ச் சேரும், நடுவில் வேறு மூளை இல்லை. ரெஜிஸ்ட்ரி விஸார்டு என்ற ஒன்றும் அங்கே உண்டு. நிர்வாகக் கணினியில் மாதிரி டிஎஸ்என்னை உருவாக்கி வைத்திருந்தால் அந்த வரிகளை அப்படியே அள்ளிக்கொண்டு வரும்.

ஃபாக்டரிக்கு ஒரு கலெக்ஷன் உருவாக்குங்கள்: கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர். ஒவ்வொன்றிலும் ஐந்து வரிகள்: நான்கு மதிப்புகளும், மறக்கக்கூடாத அந்த டேட்டா சோர்சஸ் வரியும். மூன்று கலெக்ஷனிலும் டேட்டாபேஸ் வரி மட்டும்தான் வேறுபடும். பிறகு கலெக்ஷனின் ப்ராப்பர்ட்டீஸில் ஐட்டம் லெவல் டார்கெட்டிங்கைத் திறந்து, செக்யூரிட்டி குரூப் என்பதில் அந்த ஃபாக்டரியின் குரூப்பைக் காட்டுங்கள். கலெக்ஷனுக்கு ஒரு தடவை போட்டால் உள்ளே இருக்கும் ஐந்துக்கும் பொருந்தும். பூட்டுக்கு உருவாக்கிய அதே குரூப்பே பலகைக்கும். ஆள் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்ற ஒன்றை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் தானாக வரும்.

ஆக்ஷன் என்ற இடத்தில் "அப்டேட்" தேர்ந்தெடுங்கள். "ரீப்ளேஸ்" ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு மறுபடி எழுதும். குரூப் பாலிசி லாகினில் மட்டும் இறங்குவதில்லை. செஷன் நடந்துகொண்டிருக்கும்போதே சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதோடு அரை மணி வரை கூடுதலாக, பின்னணியில் ஓடும். வண்டி வரிசையில் நிற்கும் நேரத்தில் அந்த ஒரு நொடியில் மென்பொருள் இணைப்பைத் தேடினால் பிழைச்செய்தி வரும். அபூர்வம்தான். ஆனால் அபூர்வமாக வருவதைத்தான் கண்டுபிடிக்க முடியாது. "அப்டேட்" இல்லாததை எழுதும், மாறியதைத் திருத்தும், மற்றதைத் தொடாது. தொடாது என்பதால், ஒரு வரியை நீங்கள் பாலிசியிலிருந்து எடுத்தாலும் யூசரின் ரெஜிஸ்ட்ரியில் அது கிடக்கும். வேண்டாத வரியை "டிலீட்" ஆக்ஷனோடு தனியாக எழுதித்தான் அழிக்க வேண்டும். ப்ரொஃபைல் டிஸ்க், எஃப்எஸ்லாஜிக்ஸ் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆளின் ரெஜிஸ்ட்ரி சர்வருக்கு சர்வர் அவரோடேயே பயணிக்கும், பழைய குப்பையும் கூடவே.

ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்தால்? கணக்கு மேற்பார்வையாளர்கள் பலர் அப்படித்தான் இருப்பார்கள். வரிசைப்படி இறங்கும், கடைசியாக இறங்கியது நிற்கும். ஆனால் அதை நம்பி ஏற்பாடு செய்ய வேண்டாம். அவர்களுக்கு ஃபாக்டரிக்கு ஒரு தனி லாகின் கொடுத்துவிட்டேன். முணுமுணுத்தார்கள். பரவாயில்லை.

சோதனை

சோதனை யூசரை கோத்தகிரிக் குரூப்பில் சேர்த்து லாகின் ஆகுங்கள். ஓடிபிசி நிர்வாகக் கருவியில் யூசர் டிஎஸ்என் டேபில் "இலைக்கணக்கு" இருக்கிறதா, உள்ளே டேட்டாபேஸ் சரியா என்று பாருங்கள். பிறகு மென்பொருளைத் திறந்து ஒரு விவசாயியின் எண்ணைத் தட்டி, வரும் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயரைப் பார்க்காமல் சோதனை முடிந்ததாக நான் இன்றுவரை எழுதுவதில்லை. இன்னொன்று: வேண்டுமென்றே அந்த யூசரின் டிஎஸ்என்னை மஞ்சூர் டேட்டாபேஸுக்கு மாற்றித் திறந்து பாருங்கள். பூட்டு சரியாக இருந்தால், டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை என்று 4060 எண் பிழை வர வேண்டும். திறந்துவிட்டால் பூட்டுப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

டிஎஸ்என் வரவில்லை என்றால் அந்த யூசராகவே "ஜிபிரிசல்ட் /ஹெச்" கட்டளைக்குப் பின்னால் ஒரு கோப்புப் பெயர் கொடுத்து அறிக்கை எடுங்கள். பாலிசி பட்டியலிலேயே இல்லை என்றால் லூப்பேக் அல்லது ரீட் உரிமை. பட்டியலில் இருந்தும் வரிகள் இறங்கவில்லை என்றால் டார்கெட்டிங். ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவில் 4098 என்ற எண்ணையும் தேடிப் பாருங்கள். மென்பொருள் ஐஎம்002 என்று சொன்னால் அந்தப் பெயரில் டிஎஸ்என்னே கிடைக்கவில்லை என்று பொருள். பெயரில் ஒரு இடைவெளி கூடியிருந்தாலும் இதுதான் வரும். ஐஎம்014 என்றால் 32 பிட், 64 பிட் தகராறு. டிஎஸ்என் சரி, 18456 வருகிறது என்றால் எஸ்க்யூஎல் சர்வரில் லாகின் கொடுக்கவில்லை.

குரூப் மாற்றியும் மாறவில்லையா?

மழையில் அறுந்த லைன் என்று மேலே சொன்னேனே, இங்கேதான் அது வருகிறது. கூடலூரிலிருந்து ஒருவர் கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்தார். குரூப்பை மாற்றினேன். "ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ்" கொடுத்தேன். மறுநாளும் கூடலூர் கணக்குதான் திறந்தது. "லாக் ஆஃப் பண்ணீங்களாங்க?" என்று கேட்டேன். "தினமும் பண்றேங்க, மேலே எக்ஸ் இருக்கே, அதை அழுத்தித்தானே போறேன்" என்றார்.

எக்ஸை அழுத்தினால் செஷன் முடிவதில்லை, துண்டிக்கப்படுகிறது. லைன் அறுந்தாலும் அதேதான். ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், செஷன் சர்வரில் உட்கார்ந்திருக்கும். எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்ற விவரம் லாகின் ஆகும் நேரத்தில் ஒரு தடவைதான் எழுதப்படுகிறது. செஷன் உயிரோடு இருக்கும் வரை அதே விவரம்தான். அவருடைய செஷன் ஒன்பது நாளாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சர்வரில் "க்யூயூசர்" என்ற கட்டளை கொடுத்தால் யார் யார் எந்த நிலையில், எப்போதிருந்து என்று பட்டியல் வரும். அதில் அவருடைய எண்ணைப் பார்த்து "லாகாஃப்" கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுத்தேன். அடுத்த லாகினில் கோத்தகிரி வந்துவிட்டது.

இதை ஒவ்வொருவருக்கும் செய்துகொண்டிருக்க முடியாது. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் → ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் → செஷன் டைம் லிமிட்ஸ் என்ற இடத்தில், துண்டிக்கப்பட்ட செஷனுக்கு நேர வரம்பு வைக்கலாம். எட்டு மணி நேரம் என்று வைத்தேன். பகலில் லைன் அறுந்து திரும்பினால் பதிவு பத்திரமாக இருக்கும். இரவில் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். ஒரு மணி நேரம் என்று முதலில் வைத்திருந்தோம். ஒரு மழை நாளில் மஞ்சூர் லைன் மூன்று மணி நேரம் வரவில்லை, பாதிப் பதிவோடு நின்ற செஷன்கள் எல்லாம் போய்விட்டன. அதனால் எட்டு.

இப்போது மாற்றல் உத்தரவு வந்தால் செய்வது இவ்வளவுதான்: பழைய குரூப்பிலிருந்து எடுப்பது, புதிய குரூப்பில் சேர்ப்பது, செஷனை லாகாஃப் செய்வது, ஆள் மறுபடி லாகின் ஆனதும் ஃபோன் போட்டு, "முதல் சீட்டுல என்ன பேர் வருதுன்னு படிங்க" என்று கேட்பது. இதையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுவேன், இலை வண்டி வருவதற்கு முன்.